எனக்குன்னு ஒரு தூண்டில் கம்பு
(ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



கடன், வசூல் பத்தி எல்லாரும் பேசிட்டாங்க. நான் என் பொழுதுபோக்கைப் பத்திச் சொல்றேன். வீட்டிலேயே தூண்டில் கம்பு செய்வேன். அப்பா சொல்லிக் கொடுத்தது.

முத்தின கல்மூங்கிலா பார்த்து வெட்டணும். வெயில்ல போட்டா வெடிச்சிடும். நிழல்ல ஒரு மாசம் காயணும். கோணல் இருந்தா தணல்ல காட்டி, சூட்டோட நிமிர்த்தி, ஈரத்துணியால துடைக்கணும். நுனி பிளக்காம இருக்க நூல் சுத்தி வார்னிஷ் பூசணும். அப்புறம் நரம்பு, தக்கை, ஈயம், முள்.

நான் ஆளையும் மீனையும் பார்த்துச் செய்வேன். பேரனுக்கு 6 அடியில லேசான கம்பு. கெண்டைக்கு நுனி மெலிசா இருந்தாத்தான் சின்னக் கடியும் கைக்குத் தெரியும். விராலுக்குத் தடிமனா வேணும். இல்லேன்னா முறிச்சிட்டுப் போயிடும்.

"இதுக்கும் கடன் வாங்கித் தொழிலாக்கலாமே"ன்னு குழுவுல கேட்டாங்க. நல்ல மனசோடதான் கேட்டாங்க. ஆனா ஆடும் தையல் மிஷினும் ஏற்கெனவே தவணைக்காகத்தான் ஓடுது. வீட்டுக்காரர் தவறின வருஷம் ராத்திரியில தூக்கம் வராது. கம்பை மடியில வச்சு நூல் சுத்துவேன். சுத்துக்குச் சுத்து நெருங்கி உட்காரணும். அதுல கண்ணு போனா மனசு கொஞ்சம் அடங்கும். இதையும் கணக்கு நோட்டுல ஏத்திட்டா எனக்குன்னு என்ன இருக்கு?

அதனால விக்கிறதில்லை. கேட்கிறவங்களுக்குக் கத்துத் தர்றேன். ஞாயித்துக்கிழமை மதியம் எங்க வீட்டுத் திண்ணையிலதான் இருப்பேன், வாங்க.