நடிகர் சிவாசி கணேசனும் தமிழ் ஒலியும்

(விழுப்புரம் மாவட்டம் குயிலாப்பாளையத்தில் நடைபெற்ற நினைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2001-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 21-ஆம் நாள் சென்னையில் மறைந்த நடிகர் சிவாசி கணேசனை நினைவுகூர இங்குக் கூடியிருக்கின்றோம். திரைப்பட நடிகர் ஒருவரைப் போற்றும் கூட்டத்தில் தனித்தமிழ்க் கொள்கையினர்க்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். நடிகரின் படத்திற்குப் பால் ஊற்ற நாம் வரவில்லை. நடிகரை அரியணையில் ஏற்றவும் வரவில்லை. தமிழை எப்படி ஒலிக்க வேண்டும் என்பதை அவர் வாயினின்று இவ்வினம் கேட்டது. கேட்டதை இன்று இழந்து வருகின்றது. அதைச் சொல்லவே வந்துள்ளேன்.

1928 அக்குதோபர் முதல் நாள், அன்றைய தென்னார்க்காட்டு மாவட்டத்து விழுப்புரத்தில் பிறந்தவர் கணேசன். வி. சி. கணேசன் என்னும் பெயரின் முதலெழுத்து இம்மண்ணின் பெயரே. சிறுவனாயிருந்தபோது கட்டபொம்மன் கூத்தைக் கண்டு நடிப்பில் பற்றுக்கொண்டார். பள்ளிக்குச் செல்ல வேண்டிய அகவையில் நாடகக் குழுவிற் சேர்ந்தார். பின்னர், அறிஞர் அண்ணா எழுதிய நாடகத்தில் மராட்டிய மன்னன் சிவாசியாக நடித்ததைக் கண்ட தந்தை பெரியார், அவரைச் சிவாசி கணேசன் என்று அழைத்தார். தமிழ் நடிகர்க்கு மராட்டியப் பெயர் நிலைத்துவிட்டதே என்று நமக்கு வருத்தமுண்டு. ஆயினும், அப்பெயர் தாங்கியவரின் வாயினின்று வந்தது தமிழ்.

எழுத்துகள் பிறக்கும் முறையைத் தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்தார். உந்தியினின்று எழும் காற்று, தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் எட்டிடங்களில் உருப்பெறுவதை அவர் விளக்கினார். நூலில் நாம் கற்கும் இதனைச் சிறுவர் நாடகக் குழுக்கள் வாய்ப்பயிற்சியாகவே கற்பித்தன. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசையிலிருந்தவனுக்கும் ஒவ்வோர் எழுத்தும் கேட்க வேண்டும். குறிலைக் குறிலாகவும் நெடிலை நெடிலாகவும் ஒலிக்கவும், மூச்சை எங்கே நிறுத்துவது என்று அறியவும் அவர் பழகியது அம்மேடையிலேதான்.

அப்பயிற்சியின் விளைவை 1952-இல் பராசக்தியில் தமிழகம் கேட்டது. கலைஞர் கருணாநிதி எழுதிய உரையாடலை மக்கள் மனப்பாடம் செய்தனர். 1954-இல் மனோகரா வந்தது. 1959-இல் வீரபாண்டிய கட்டபொம்மன் வந்தது. நம் ஊர்த் திருமணங்களிலும் திருவிழாக்களிலும் கட்டபொம்மன் உரையாடல் ஒலிபெருக்கியில் முழங்கியதை முதியோர் மறந்திருக்கமாட்டார்கள். அங்கே படமில்லை, முகமில்லை, ஒப்பனையில்லை. குரல் மட்டுமே இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத உழவரும் நின்று கேட்டனர். ஒரு சொல்லும் அவர்களுக்குத் தப்பவில்லை. நல்ல தமிழ் பொதுமக்களுக்குப் புரியாது என்போர்க்கு இதைவிட வேறு விடை வேண்டுமா?

கட்டபொம்மன் படத்திற்காக 1960-இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழா அவரைச் சிறந்த நடிகராகத் தேர்ந்தது. 1995-இல் பிரெஞ்சு அரசு செவாலியே விருதளித்தது. சிறந்த நடிகர்க்குரிய நடுவணரசின் விருதோ ஒருமுறையும் அவர்க்கு வரவில்லை. 1996-ஆம் ஆண்டிற்குரிய பால்கே விருதுதான், நடிப்பு வாழ்க்கையின் அந்திப்பொழுதில் வந்தது.

அவர் தனித்தமிழர் அல்லர். அவர் பேசிய உரையாடல்களில் வடசொற்கள் மிகுதி. 1988-இல் தனிக்கட்சி கண்டார். 1989-இல் திருவையாற்றில் நின்று தோற்றார். கலைக்குத் தந்த கைதட்டலை வாக்காக மாற்ற மக்கள் அன்று மறுத்தனர். அதில் நமக்கு வருத்தமில்லை. ஒருவரின் திறத்தைப் போற்றுதல் வேறு. அவர்க்கு அடிமையாதல் வேறு.

இன்றைய நிலை என்ன? தமிழில் பெயர் சூட்டும் திரைப்படங்களுக்கு 2006-இல் தமிழக அரசு கேளிக்கை வரிவிலக்குத் தந்தது. பெயர்ப்பலகை தமிழாயிற்று, உள்ளே பேச்சு தமிழாயிற்றா? ‘ழ’வும் ‘ள’வும் ‘ல’வும் ஒன்றாய்க் குழைகின்றன. தமிழறியாத நடிகர் வாயசைக்க, வேறொருவர் குரல் தருகின்றார். பாடகர் பலர் தமிழை ஆங்கிலம்போல் மென்று துப்புகின்றனர். அதைக் கேட்கும் நம் பிள்ளைகள் அதுவே நாகரிகம் என்று கருதி அவ்வாறே பேசுகின்றனர்.

குயிலாப்பாளையத்து மக்களுக்கு இதைச் சிறப்பாகச் சொல்ல வேண்டும். 1968-இல் ஆரோவில் தொடங்கியது முதல் பன்னாட்டு மொழிகள் இவ்வூர்த் தெருவில் ஒலிக்கின்றன. வந்தவர்களை நாம் வெறுக்கவில்லை. பிரெஞ்சுக்காரர் தம் மொழியைச் சிதைத்துப் பேசுவதில்லை, செருமானியரும் அப்படியே. அவர்களிடத்தில் அதை நாம் கற்போம். பிழைப்புக்கு எம்மொழியும் பேசுங்கள். தமிழைப் பேசும்போது தமிழாகப் பேசுங்கள்.

ஒவ்வொரு வீட்டிலும் நாள்தோறும் பத்து மணித்துளி பிள்ளைகள் திருக்குறளை வாய்விட்டுப் படிக்கட்டும். பெற்றோர் எழுத்துப் பிழையைத் திருத்துவதுபோல் ஒலிப்பிழையையும் திருத்துங்கள். இம்மாவட்டத்தின் செல்வமாகிய தெருக்கூத்தை ஆண்டுக்கொரு முறையேனும் ஊரில் நடத்துங்கள். ஒரு சிறுவன் கூத்தைக் கண்டதனால் தமிழ்நாட்டிற்கு அத்தகைய குரல் கிடைத்தது. அடுத்த குரல் இந்தத் தெருவிலேயே அமர்ந்திருக்கலாம்.

விழுப்புரத்துக் கணேசனுக்கு நாம் எடுக்கும் நினைவுச் சின்னம், பிழையின்றி ஒலிக்கும் தமிழாக இருக்கட்டும்!

வாழ்க தமிழ்! வெல்க தமிழர்!