மடிக்கணினியில் இடம் காணல்

2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்த நாளில், தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிற்று. அதற்கு முன் நம் தெருக்களில் கணினி இருந்த வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அன்று அண்ணனுக்குக் கிடைத்த கருவி இன்று தங்கையின் கையில் இருக்கிறது. "நிறைந்துவிட்டது ஐயா, ஒன்றும் ஏறவில்லை" என்று கூறி அதனைப் பழைய இரும்புக்குப் போட எண்ணுவோர் உளர். இஃது எனக்கு உடன்பாடன்று. கல்வி உதவித்தொகைக்கும் தேர்வாணையத் தேர்வுக்கும் இணையவழியே விண்ணப்பிக்க வேண்டிய காலம் இது.

நிறைந்தது எது என்பதை முதலில் காணுங்கள். ஒரே ஹார்டு டிஸ்கை 'சி' என்றும் 'டி' என்றும் இரு அறைகளாகப் பகுத்திருப்பார்கள். விண்டோஸ் குடியிருப்பது 'சி'யில். நாம் இறக்குவனவும் வழக்கமாக அங்கேயே போய்ச் சேரும். 'சி' மூச்சுத் திணறும்போது 'டி' வெறுமனே கிடக்கும். ஊர்ப் பொதுநிலம் தரிசாய்க் கிடக்க, நம்மவர் மட்டும் ஒரு தெருவில் நெருங்கி வாழ்வதைப் போல! 'டவுன்லோட்ஸ்' கோப்புறையின் 'பிராப்பர்ட்டீஸ்' பகுதியில் 'லொகேஷன்' என்பதைத் திறந்து அதனை 'டி'க்கு மாற்றிவிடலாம். ஒரு காசு செலவில்லை.

அடுத்துக் குப்பை. விண்டோஸில் 'டிஸ்க் கிளீனப்' என்னும் வசதி உண்டு. தற்காலிகக் கோப்புகளை அது நீக்கும். விண்டோஸ் 10-இல் 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'ஸ்டோரேஜ்' என்று சென்றால் எது எவ்வளவு இடம் கொண்டது என்பதே தெரியும். இங்கே ஓர் எச்சரிக்கை. அங்குள்ள 'டெம்பரரி ஃபைல்ஸ்' பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்பதும் இடம்பெறும். அதில் குறியிட்டு நீக்கினால், சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், நுழைவுச்சீட்டு யாவும் ஒருசேர அழியும். 'ரீசைக்கிள் பின்'னிலும் தேடிப் பயனில்லை. நம் பிள்ளைக்கு அந்தச் சான்றிதழ் வெறும் காகிதமன்று. கல்லூரி வாயிலின் திறவுகோல். ஆதலின் சான்றுகளை முதலில் தனிக் கோப்புறையில் இட்டு, பென் டிரைவில் ஒரு நகலும், வேறிடத்தில் மற்றொரு நகலும் வையுங்கள். அழிப்பது அதன் பிறகே.

பெரும் இடத்தை அடைப்பவை திரைப்படங்களும் கைப்பேசியிலிருந்து ஏற்றிய காணொளிகளுமே. ஒரு திரைப்படம் கொள்ளும் இடத்தில் பாடநூல்கள் பல அடங்கும். பார்த்த படத்தை எதற்குக் காக்க வேண்டும்? பம்பாய் தாதரில் அண்ணல் அம்பேத்கர் கட்டிய ராஜகிருகத்தில் நூல்களுக்கென்றே இடம் வகுத்தார். எதற்கு இடம் தருவது என்பதை அவர் அறிந்திருந்தார்.

அரசு தந்தவற்றில் விண்டோஸுடன் 'பாஸ் லினக்ஸ்' என்னும் இயக்குதளமும் இருந்தது. இடம் கிடைக்குமென்று அதன் பகுதியை அறியாமல் அழித்தால், கணினி தொடங்காமலே நின்றுவிடக்கூடும். தெரிந்தவர் துணையின்றித் தொடாதீர்கள். 'விண்டோஸ்' கோப்புறைக்குள்ளும் கை வைக்க வேண்டா.

இவ்வளவும் செய்தபின் வேகம் போதவில்லையெனில், பழைய டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. பொருத்தலாம், புதுக் கணினி வாங்குவதினும் செலவு மிகக் குறைவு. கழற்றிய டிஸ்க் பழுதின்றி இருப்பின் எறிய வேண்டா, யு.எஸ்.பி. உறை ஒன்றில் பொருத்தினால் சான்றுகளின் இரண்டாம் நகலை அதிலேயே வைக்கலாம்.