‘கொரோனா இல்லை’ என்றால் பயமில்லை என்று அர்த்தமா?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கிராம சுகாதார செவிலியர் ஒருவர் பேசியதிலிருந்து)



போன கூட்டத்தில் ஒரு அக்கா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். “நர்சம்மா, கொரோனா சமயத்துல லேசா தும்மினாக்கூட மூக்குல குச்சி விட்டு டெஸ்ட் எடுத்தாங்க. இப்ப தெருவே காய்ச்சல்ல படுத்துக் கெடக்குது, யாருமே டெஸ்ட் எடுக்கலையே. எங்களை மறந்துட்டாங்களா?” என்றார். நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இன்றைக்கு நேரம் கேட்டு வாங்கினேன்.

முதலில் என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். 2023 மார்ச் மாதம் எச்-3 என்-2 என்ற வகை ஃபுளூ காய்ச்சல் பரவியது. தமிழ்நாடு முழுக்க காய்ச்சல் முகாம் போட்டார்கள். அப்போது என் தங்கச்சி ஆறு மாத கர்ப்பிணி. திடீரென்று காய்ச்சல், இருமல், உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலி. அவள் வீட்டுக்காரர் மெடிக்கலில் கொரோனா டெஸ்ட் கிட் வாங்கி வந்து பார்த்திருக்கிறார். எனக்குப் போன் செய்தாள். “அக்கா, ஒரு கோடுதான் வந்திருக்கு. நெகட்டிவ்.” நானும், “அப்பாடா, அப்ப ஒண்ணும் இல்லை. கஞ்சி குடிச்சிட்டு ரெஸ்ட் எடு” என்று சொல்லிவிட்டேன். ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற நானே சொன்னேன்.

மூன்றாம் நாள் ராத்திரி அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். டாக்டர் மூக்கிலும் தொண்டையிலும் சளி எடுத்து அனுப்பினார். ஆனால் ரிசல்ட்டுக்குக் காத்திருக்கவில்லை. அப்போதே ஃபுளூவுக்கான மாத்திரையைக் கொடுத்து, ஆக்சிஜனும் வைத்தார். ரிசல்ட் பிறகுதான் வந்தது. ஃபுளூ. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். பையன் இப்போது ஓடியாடுகிறான். ஆனாலும் “ஒண்ணும் இல்லை” என்று நான் சொன்ன வார்த்தை இன்னும் என்னை உறுத்துகிறது.

நான் செய்த தப்பு என்ன? ஒரு வீட்டுக் கதவைத் தட்டி “லட்சுமி இருக்காளா?” என்று கேட்கிறோம். “இல்லை” என்கிறார்கள். அதனால் வீட்டில் யாருமே இல்லை என்று ஆகுமா? லட்சுமி இல்லை, அவ்வளவுதான். கொரோனா கிட் கொரோனாவை மட்டும்தான் தேடும். ஃபுளூவைத் தேடாது, டெங்குவையும் தேடாது. டெங்குவுக்கு ரத்தத்தில்தான் பார்க்க வேண்டும். அது மட்டுமில்லை. காய்ச்சல் வந்த முதல் நாளில் கிருமி குறைவாக இருந்தால், கொரோனாவே இருந்தாலும் கிட்டில் தெரியாமல் போகலாம்.

சரி, இரண்டு டெஸ்ட்டுக்கும் என்ன வித்தியாசம்? எடுக்கிற முறையில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டுக்கும் குச்சியில் பஞ்சு வைத்து மூக்கு, தொண்டையிலிருந்து சளி எடுப்பார்கள். லேபில் ஆர்.டி.பி.சி.ஆர். என்ற முறையில் பார்ப்பார்கள். இதுதான் நம்பகமானது. கொஞ்ச நேரத்திலேயே பதில் சொல்லும் சின்ன அட்டை டெஸ்ட்டும் இரண்டுக்கும் உண்டு. ஆனால் ஃபுளூ அட்டை பல பேருக்கு நோய் இருந்தும் ‘இல்லை’ என்று காட்டிவிடும். அதனால் டாக்டர் அதை மட்டும் நம்பி முடிவு செய்ய மாட்டார்.

யாருக்கு எடுக்கிறோம், எதற்கு எடுக்கிறோம் என்பதில்தான் பெரிய வித்தியாசம். 2020-இல் கொரோனா புது நோய். யார் உடம்பிலும் எதிர்ப்புச் சக்தி இல்லை, தடுப்பூசி இல்லை. காய்ச்சலே இல்லாதவர்கூட மற்றவருக்குப் பரப்பினார். அதனால் யாருக்கு இருக்கிறது என்று கண்டுபிடித்துத் தனியாக வைப்பதற்காக, பக்கத்தில் இருந்தவர்களுக்கும் சேர்த்து டெஸ்ட் எடுத்தார்கள். ஃபுளூ நமக்குப் பழைய நோய். மழைக்காலம் முடிகிற சமயத்திலும், ஜனவரி முதல் மார்ச் வரையிலும் அதிகமாக வரும். பெரும்பாலானவர்களுக்கு ஒரு வாரத்தில் தானாகவே சரியாகிவிடும். அதனால்தான் 2009-இல் பன்றிக் காய்ச்சல் வந்தபோது அரசு மூன்று பிரிவாகப் பிரித்தது.

முதல் பிரிவு: லேசான காய்ச்சல், இருமல், தொண்டை வலி. டெஸ்ட் வேண்டாம். வீட்டில் ஓய்வு போதும். இரண்டு நாளில் மறுபடி பார்க்க வேண்டும்.

இரண்டாம் பிரிவு: கடுமையான காய்ச்சலும் தொண்டை வலியும் உள்ளவர்கள். லேசான காய்ச்சலே ஆனாலும் கர்ப்பிணி, சின்னக் குழந்தை, 65 வயதைத் தாண்டியவர், சர்க்கரை, இருதயம், சிறுநீரகம், நுரையீரல் நோய் உள்ளவர்களும் இதில்தான் சேர்த்தி. இவர்களுக்கும் டெஸ்ட் கட்டாயமில்லை. டாக்டர் பார்த்து மாத்திரை கொடுப்பார்.

மூன்றாம் பிரிவு: மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மயக்கம், சளியில் ரத்தம், உதடோ நகமோ நீலமாவது, குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து கிடப்பது. இவர்களை உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்து, டெஸ்ட்டும் எடுப்பார்கள்.

ஆக, அந்த அக்காவுக்கு என் பதில் இதுதான்: உங்களை யாரும் மறக்கவில்லை. ஃபுளூவில் டெஸ்ட் ரிசல்ட்டை விட ஆளைப் பார்ப்பதுதான் முக்கியம். ஓசெல்டாமிவிர் என்ற மாத்திரையை முதல் 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன். ரிசல்ட் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால் அந்த நேரம் போய்விடும். என் தங்கச்சி விஷயத்தில் போனதும் அந்த நேரம்தான். அவள் கர்ப்பிணி என்ற ஒரே காரணத்துக்காகவே முதல் நாளே டாக்டரிடம் அனுப்பியிருக்க வேண்டும். அதற்காக மாத்திரையை நீங்களாகக் கடையில் வாங்காதீர்கள். டாக்டர் சீட்டு வேண்டும். கடைக்காரர் கொடுக்கிற ஆன்டிபயாடிக் ஃபுளூ கிருமியை ஒன்றும் செய்யாது.

கடைசியாக, ஒவ்வொரு குழுவும் இந்த மாதமே செய்ய வேண்டியவை:

1. உங்கள் குழுக் குடும்பங்களில் கர்ப்பிணி, கைக்குழந்தை, முதியவர், சர்க்கரை உள்ளவர் யார் யார் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். துணைக்கு ஆள் இல்லாவிட்டால் குழுவிலிருந்து ஒருவர் கூடப் போங்கள்.

2. காய்ச்சல் உள்ள உறுப்பினர் கூட்டத்துக்கு வர வேண்டாம். சேமிப்புப் பணத்தைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்து அனுப்பட்டும். கூட்டத்துக்கு வராவிட்டால் அபராதம் என்று நாம்தான் விதி வைத்திருக்கிறோம். அந்தப் பத்து ரூபாய்க்குப் பயந்து இருமிக்கொண்டே வந்து உட்காருகிறார்கள். காய்ச்சலுக்கு அபராதம் இல்லை என்று தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

3. ஆஸ்பத்திரிச் செலவுக்கு உள்கடன் கேட்டால் அடுத்த கூட்டம் வரை தள்ளிப் போடாதீர்கள்.

இனி யாராவது “டெஸ்ட்ல ஒண்ணும் இல்லையாம்” என்று சொன்னால், மூன்று கேள்வி கேளுங்கள். எந்த டெஸ்ட்? என்றைக்கு எடுத்தது? இப்போது மூச்சு எப்படி இருக்கிறது? நான் அன்றைக்குப் போனில் கேட்காமல் விட்டது இவைதான். நீங்கள் விட்டுவிடாதீர்கள்.