வேரின் அழைப்பு



பேராக் மாநிலத்தில் பால்மரத்தின் கதை பழையது. 1877ஆம் ஆண்டிலேயே கோலாகங்சாரில் ஹியூ லோ என்பவர் ரப்பர்க் கன்றுகளை நட்டுவித்தார். பின்னாளில் தோட்டங்கள் பெருகின. நம் முன்னோர் அவற்றில் உழைத்தனர். பால்மரத்தைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால், இளமரங்களின் நிரைகளுக்கிடையே தரையை மூடிப் படருமே ஒரு கொடி, அதை எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்?

பியூரேரியா, கலப்பகோனியம் என்பன அக்கொடிகளின் பெயர்கள். அவரை, பயறு ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்தவை. மழையில் மண் அரிக்காமலும், லாலாங் புல் ஏறாமலும் காப்பதற்காகவே மறுநடவின்போது இவற்றை விதைப்பார்கள். இவற்றால் மூன்றாவது நன்மை ஒன்றும் உண்டு. அது மண்ணுக்கடியில் நடப்பது.

நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன். அதுவே பயிருக்கு வேண்டிய தழைச்சத்து. எனினும் காற்றிலிருந்து அதைச் செடி நேரே எடுத்துக்கொள்ள முடியாது. ரைசோபியம் என்ற பாக்டீரியாவே பயறு இனச் செடிகளின் வேர் முடிச்சுகளில் தங்கி, அதைச் செடிக்கு ஏற்றவாறு மாற்றித் தருகிறது. 1888இல் பெய்ஜெரிங்க் என்னும் டச்சு அறிஞர் இந்த நுண்ணுயிரை முடிச்சுகளிலிருந்து பிரித்தெடுத்தார்.

கண்ணும் மூக்கும் இல்லாத இந்த உயிர், இருண்ட மண்ணில் தனக்குரிய வேரை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பாக்டீரியாவின் உடலில் ரசாயனப் பொருள்களை உணரும் புரதங்கள் இருக்கின்றன. அமெரிக்க அறிஞர் ஜூலியஸ் ஆட்லர் 1969இல் இதை விளக்கினார். நம் குடலில் வாழும் ஈ. கோலை என்ற பாக்டீரியா சற்று நேராக நீந்தும். பிறகு புரண்டு திசை மாறும். சில நொடிகளுக்கு முன் இருந்ததைவிட இப்போது சர்க்கரை கூடியிருக்கிறதா என்று ஒப்பிடும். கூடியிருந்தால், புரளாமல் அதே திசையில் மேலும் செல்லும். இப்படியே உணவை நெருங்கிவிடும்.

ரைசோபியத்தையும் வேரிலிருந்து கசியும் பொருள்கள் இழுக்கின்றன. அவற்றுள் ஃபிளேவனாய்டு என்னும் வகை முக்கியமானது. குதிரைமசால் செடியிலிருந்து கசியும் அத்தகைய பொருள் ஒன்றை 1986இல் கண்டறிந்தார்கள். அதை உணர்ந்ததும் பாக்டீரியா தன் பங்குக்கு வேறொரு பொருளை வெளியிடுகிறது. உடனே வேர்த்தூவி சுருண்டு அதை உள்ளே ஏற்றுக்கொள்கிறது. பின்னர் முடிச்சு உருவாகிறது. செடி சர்க்கரைச் சத்தைக் கொடுக்கிறது. பாக்டீரியா தழைச்சத்தைக் கொடுக்கிறது. எல்லா ரைசோபியமும் எல்லாச் செடிக்கும் பொருந்துவதில்லை. ஆகவே ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் ஏற்ற வகைகளை வளர்த்து, விதையோடு கலந்து விதைக்கத் தோட்டங்களுக்கு வழங்கி வந்தது.

இன்று பல ரப்பர்த் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. நம்மில் பலர் ஈப்போ போன்ற நகரங்களுக்கு வந்துவிட்டோம். ஆயினும் வீட்டுக்குப் பின்னால் நாலு பயிற்றங்கொடி போட்டிருக்கிறோமல்லவா? அங்கேயும் இதே வேலைதான் நடக்கிறது.

கொடி பூக்கும் சமயத்தில் ஒன்றை மண்ணோடு மெதுவாகத் தோண்டி எடுங்கள். வேரை நீரில் அலசுங்கள். உருண்டை முடிச்சுகள் விரலால் தேய்த்தால் எளிதில் உதிரும். வேரே வீங்கி, உதிராமல் இருந்தால் அது புழுத் தாக்குதலாக இருக்கலாம். முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் நுண்ணுயிர் உழைக்கிறது. வெண்மையாகவோ பச்சையாகவோ இருந்தால் உழைக்கவில்லை.

பயிற்றங்கொடிக்கு யூரியாவை அள்ளிப் போட்டால் என்ன ஆகும்? தழைச்சத்து மண்ணிலேயே தாராளமாகக் கிடைப்பதால், செடி புது முடிச்சு உருவாவதைத் தடுத்துவிடும். காசு கொடுத்து வாங்கிய உரம், இலவசமாய்க் கிடைப்பதை நிறுத்திவிடுகிறது. ஆகவே மக்கிய குப்பையைப் போட்டு மண்ணைப் பொலபொலப்பாக வைத்திருங்கள். காய்த்து ஓய்ந்த கொடியை வேரோடு பிடுங்காமல் தரைமட்டத்தில் அறுத்துவிடுங்கள். வேர் மண்ணில் மக்கினால், அதிலுள்ள சத்து அடுத்து நடும் கத்தரிக்கும் மிளகாய்க்கும் உதவும்.