பீரோவில் கேசட், ஹாலில் டிவி

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் நம் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். உங்களில் எத்தனை பேர் வீட்டு பீரோவில் கல்யாண வீடியோ கேசட் இருக்கிறது? கையைத் தூக்குங்கள். சரி. அதைப் போட்டுப் பார்க்க டெக் எத்தனை பேரிடம் இருக்கிறது? பார்த்தீர்களா, ஒரு கைகூட இல்லை.

என் வீட்டிலும் அதே கதைதான். அக்கா கல்யாணம் 1996-ல், அரவைக் காலம் முடிந்த கையோடு நடந்தது. அப்பா இப்போது இல்லை. அவர் குரல் இருப்பது அந்த ஒரு கேசட்டில் மட்டும்தான். பந்தியில் நின்றுகொண்டு, "சாப்பிடாம யாரும் போகக்கூடாது" என்று சொல்லிக்கொண்டிருப்பார். பல வருடத்துக்கு முன் ஒரு கடையில் கொடுத்து சிடியாக்கினோம். அந்த சிடியும் ஒருநாள் ஓடாமல் நின்றுவிட்டது.

வீடியோ டெக் தயாரித்துக்கொண்டிருந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. நாடாவில் பூஞ்சை பிடிக்கும், காந்தப் பூச்சு உதிரும். பழைய டெக்குக்கு உதிரிபாகம் கிடைக்காது. தள்ளிப்போடத் தள்ளிப்போட, கேசட் இருந்தும் பார்க்க வழி இருக்காது.

நான் செய்ததைச் சொல்கிறேன். தெரிந்தவர் ஒருவரிடம் ஓடுகிற டெக்கை இரவல் வாங்கினேன். யுஎஸ்பி கேப்சர் கருவி ஒன்றை வாங்கி லேப்டாப்பில் செருகினேன். இதில் குறுக்கு வழி இல்லை. மூன்று மணி நேர கேசட் ஏற மூன்று மணி நேரம் ஆகும். எச்.264 முறையில் எம்பி4 கோப்பாகச் சேமித்தேன். ஒரு மணி நேரத்துக்கு ஒன்றரை ஜிபிக்குள் அடங்கியது. அப்படிப் பார்த்தால் ஒரு டிபி டிஸ்க்கில் அறுநூறு மணி நேரத்துக்கு மேல் வைக்கலாம்.

அடுத்தது டிவிக்குக் கொண்டுவருவது. பிள்ளைகள் ஒதுக்கிவைத்த பழைய லேப்டாப்பில் ஜெல்லிஃபின் என்ற மென்பொருளைப் போட்டேன். முழுக்க இலவசம். எம்பி என்ற மென்பொருள் தன் மூலநிரலை மூடியபோது, 2018 டிசம்பரில் தன்னார்வலர்கள் பிரித்தெடுத்து வளர்த்தது இது. வீடியோ இருக்கும் ஃபோல்டரைக் காட்டினால் அதுவே பட்டியல் போட்டுவிடும். ஆண்ட்ராய்டு டிவியில் பிளே ஸ்டோரிலேயே அதன் ஆப் இருக்கிறது. ஆப்பில் லேப்டாப்பின் முகவரியைப் போட்டு, முக்காற்புள்ளிக்குப் பின் 8096 என்று அடித்தால் போதும். ஹாலிலும் படுக்கையறையிலும் ஒரே நேரத்தில் பார்க்கலாம்.

எல்லாம் வீட்டு ரவுட்டருக்குள்ளேயே நடப்பதால் இன்டர்நெட் போனாலும் படம் ஓடும், டேட்டா செலவில்லை. முடிந்தால் லேப்டாப்பை ரவுட்டரோடு கேபிளில் இணையுங்கள்; சுற்றிச் சுற்றி நிற்காது.

கரண்ட் பில் பற்றி அம்மாமார்கள் கேட்பீர்கள். 20 வாட் எடுக்கும் லேப்டாப் இரவும் பகலும் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 29 யூனிட் வரும். பார்க்கும்போது மட்டும் போட்டால் அதுவும் வராது.

போன கூட்டத்தில் தம்பி ஒருவர், "பொதுவா ஒரு சர்வர் வெச்சு எல்லா வீட்டுக்கும் சினிமா கொடுக்கலாமே" என்றார். நல்ல மனசுதான், ஆனால் வேண்டாம். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் விளக்கப்படி, ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளுக்குக் கேபிள் மூலமோ வேறு வழியிலோ ஒரே நேரத்தில் கொடுத்தால் அது பொதுமக்களுக்கு ஒளிபரப்பியதாகவே கருதப்படும். நம் பொங்கல் விழா, குடியரசு தின வீடியோக்கள் நாமே எடுத்தவை. வீடியோவில் இருப்பவர்கள் சம்மதித்தால் அவற்றை வைக்கலாம்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. வெளியூரிலிருந்து பார்க்க ஆசைப்பட்டு, விவரம் தெரியாமல் ரவுட்டரில் வாசல் திறந்துவிடாதீர்கள். வீட்டுப் பெண்கள், குழந்தைகள் படம் அதில் இருக்கிறது. இரண்டாவது, ஒரே டிஸ்க்கை நம்பாதீர்கள். சர்வரும் ஒருநாள் கெடும். என்னிடம் ஒரு பிரதி, திருவண்ணாமலையில் தம்பி வீட்டில் இன்னொரு பிரதி. அசல் கேசட்டையும் தூக்கிப்போடவில்லை.

முதன்முதலாக டிவியில் போட்டபோது அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பந்திக் காட்சி வந்தது. அப்பா குரல் கேட்டதும் அம்மா ஒன்றும் பேசவில்லை. "மறுபடி வை" என்று மட்டும் சொன்னார். நாலு தடவை வைத்தேன்.

டெக்கை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. இரண்டு மாதம் தவணை கேட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கேசட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள். பூஞ்சை தெரிந்தால் மட்டும் போட்டுப் பார்க்காமல் அப்படியே கொண்டுவாருங்கள்.