படம் யாருடையது?



பட்டணத்துப் படக்கடையில் மகளின் திருமணப் படத்தைக் கழுவக் கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் நம்மை ஒரு வார்த்தை கேளாமல் அதை நாட்காட்டி அச்சிடுபவருக்கு விற்றுவிடுகிறார். சும்மா இருப்போமா? கடை வாசலுக்கே போய்விடுவோம். ஆனால் அவர் ரசீதின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டி, "இங்கே எழுதியிருக்கிறதே, பார்க்கவில்லையா?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? அமெரிக்காவில் ஏறத்தாழ இப்படியே ஒன்று நடந்தது.

2008ஆம் ஆண்டில் நோவா எவரெட் என்பவர் அங்கே 'டுவிட்பிக்' என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். அந்நாளில் டுவிட்டரில் சில வரிகள் எழுதலாமே தவிர, நேரே படம் போட முடியாது. டுவிட்டருக்கு இன்று எக்ஸ் என்று பெயர். படத்தை டுவிட்பிக்கில் ஏற்றினால் அதற்கு ஒரு முகவரி கிடைக்கும். அந்த முகவரியை டுவிட்டரில் எழுதினால் எல்லாரும் பார்க்கலாம். அதற்குக் காசு கேட்கவில்லை. 2009 ஜனவரி 15ஆம் நாள் நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் ஒரு விமானம் இறங்கியது. அதிலிருந்த 155 பேரும் உயிர் பிழைத்தனர். பயணிகள் இறக்கையின் மேல் நிற்கும் காட்சியை, படகில் வந்த ஒருவர் கைத்தொலைபேசியில் பிடித்து டுவிட்பிக்கில் ஏற்றினார். அந்தப் படம் உலகமெங்கும் பரவியது. சாதாரண மனிதர் எடுக்கும் படத்துக்கும் சந்தை உண்டு என்று அன்று எல்லாருக்கும் விளங்கியது.

சந்தை என்று ஒன்று இருந்தால் விற்பவர் வராமலா இருப்பார்? 2011 மே மாதம் டுவிட்பிக் தன் விதிமுறைகளை மாற்றி எழுதியது. அங்கே ஏற்றிய படத்தை எடுத்துப் பயன்படுத்தும்படி ஒரு செய்தி நிறுவனத்துக்குப் படத்தின் சொந்தக்காரரே அனுமதி கொடுக்கக் கூடாதாம்! மக்கள் கொதித்தார்கள். எவரெட் மன்னிப்புக் கேட்டு, "பதிப்புரிமை உங்களுடையதுதான்" என்று விளக்கம் சொன்னார். அதே நாள்களில் இன்னொரு செய்தி வெளிவந்தது. வென் என்ற செய்தி நிறுவனம் டுவிட்பிக் படங்களை விற்பதற்கு ஒப்பந்தம் செய்திருந்தது. பிரபலமானவர்கள் போடும் படங்களில்தான் தங்களுக்கு நாட்டம் என்று அந்நிறுவனம் சொல்லியும் கோபம் தணியவில்லை.

"உரிமை உங்களுடையது" என்ற அந்தச் சொல் பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. பசு உங்களுடையது, கொட்டகை உங்களுடையது. பாலைக் கறந்து விற்கும் அனுமதி மட்டும் எனக்கும் என் கூட்டாளிகளுக்கும் உண்டு என்று ஒருவர் எழுதி வாங்கிக்கொண்டால் எப்படி இருக்கும்? இந்த அனுமதிக்கு 'உரிமம்' என்று பெயர். உரிமை வேறு, உரிமம் வேறு. சின்ன எழுத்தில் அச்சாகும் விதிமுறைகளில் இந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்திலேயே இருக்கும். காசு வாங்காமல் கடை நடத்துபவருக்கும் செலவு உண்டு, அதை நான் மறுக்கவில்லை. கேட்டுவிட்டு விற்றிருக்கலாம், விற்றதில் ஒரு பங்கு கொடுப்பதாகச் சொல்லியிருக்கலாம்.

நீதிமன்றம் இதற்கு என்ன சொல்லும்? ஹைத்தி நாட்டில் 2010 ஜனவரி 12ஆம் நாள் பெரும் நிலநடுக்கம் வந்தது. டேனியல் மோரேல் என்ற செய்திப் படக்காரர் தாம் எடுத்த படங்களை அன்றே டுவிட்பிக்கில் ஏற்றினார். வேறொருவர் அவற்றைத் தம்முடையவை போல வெளியிட்டார், ஏ.எஃப்.பி. செய்தி நிறுவனம் அங்கிருந்து எடுத்து விநியோகித்தது. டுவிட்டரின் விதிமுறைகளே தங்களுக்கு அனுமதி தருகின்றன என்று ஏ.எஃப்.பி. வாதாடியது. 2013 ஜனவரியில் நியூயார்க் நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்க மறுத்தது. அதே ஆண்டு நவம்பரில், ஏ.எஃப்.பி.யும் கெட்டி நிறுவனமும் அவருக்கு 12 லட்சம் டாலர் தர வேண்டும் என்று ஜூரிகள் தீர்ப்பளித்தார்கள். எட்டுப் படங்களுக்கு ஏறத்தாழ நான்கு ஆண்டு வழக்கு. அவர் தொழில்முறைப் படக்காரர், வழக்கறிஞர் வைத்துப் போராடினார். நம் லயத்துப் பிள்ளை எடுக்கும் தீமிதிப் படத்துக்கு யார் நியூயார்க் போவது?

நம் நாட்டிலும் 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் நிழற்படத்தைப் பாதுகாக்கிறது. ஆனால் நாமே எழுதிக்கொடுத்துவிட்ட அனுமதியை அந்தச் சட்டம் வந்து கிழித்துப் போடாது. படிக்கத் தெரியாமல் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துக் கப்பலேறி வந்தார்கள் நம் முன்னோர்களில் பலர். இன்று படிக்கத் தெரிந்த பிள்ளை, 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற இடத்தைப் படிக்காமலேயே விரலால் தொடுகிறது. தாய்மார்களே, அந்த இடம் வந்ததும் பிள்ளையைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். 'உரிமம்', 'மூன்றாம் தரப்பினர்', 'விநியோகம்' என்ற சொற்கள் வரும் வரியில் நிறுத்தி, அர்த்தம் கேளுங்கள். மலாயிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவாருங்கள், ஆசிரியர்கள் விளக்குவார்கள்.

டுவிட்பிக் என்ன ஆயிற்று என்றும் சொல்லிவிடுகிறேன். 2011இலேயே டுவிட்டர், படம் ஏற்றும் வசதியைத் தானே கொடுத்துவிட்டது. 2014 செப்டம்பரில் வணிகப் பெயர் குறித்து டுவிட்டரோடு தகராறு ஏற்பட்டு, மூடப் போவதாக டுவிட்பிக் அறிவித்தது. அக்டோபரில் அதன் முகவரியும் படக் களஞ்சியமும் டுவிட்டரின் கைக்குப் போயின. அதன்பின் அங்கே புதிய படம் எதையும் ஏற்ற முடியவில்லை.