தண்ணீர்விட்டான் கிழங்கு: பேர்லதான் தண்ணீர்

ஆஸ்பாரகஸ் வளர்க்க ஆசைன்னு நிறைய பேர் கேட்கிறீங்க. சீமை ஆஸ்பாரகஸுக்குக் குளிர்கால ஓய்வு வேணும். எங்க திருவாமாத்தூர் வெயில்ல அதுக்கு எங்க போறது? அதே இனத்துல நம்ம ஊர்ச் செடி இருக்கு: தண்ணீர்விட்டான், கடையில சதாவரி. மண்ணில்லாத வேரா வாங்கினா பருத்த கிழங்கைப் பார்த்து மயங்காதீங்க. கிழங்கெல்லாம் சேருற தலைப்பகுதியிலதான் மொட்டு இருக்கு. அது இல்லாத கிழங்கை நட்டா முளைக்காது. உடனே நட முடியலையா? ஈரச் சாக்குல சுத்தி நிழல்ல வைங்க. பிளாஸ்டிக் கவர்ல புழுங்கி அழுகிடும். சில நாளுக்குள்ள, தண்ணி தேங்காத மேட்டுப்பாத்தியில, மொட்டு மேல்பார்க்க நடுங்க. ஐப்பசி அடைமழைக்கு முன்னாடியே வேர் பிடிச்சிருக்கணும். கொடி ஏற ஒரு கொம்பு போதும். முள் உண்டு, குழந்தைங்க ஓடுற பக்கம் வேண்டாம். கிழங்கு தோண்ட எப்படியும் ஒன்றரை, ரெண்டு வருஷம்.